எடுத்துக்காட்டு வாக்கியம்

தார்த்து நகரில் ஜனவரி மாதம்
மூன்றரை மணிக்கே விளக்குப் போட்டாக வேண்டும்.
நூலக நிலவறையில் என் முன்னால் பதினேழு பெட்டிகள்.
கூஸ்க் சகோதரர்கள்:
மூத்தவர் ஹிந்த்ரெக், அகராதிக்காரர்.
இளையவர் ஆடோ, கிரேக்கக் காவியங்களை
எங்கள் மொழிக்குக் கொண்டுவந்தவர்.
சொந்தத் தாள்கள் இடப்பக்கம்,
இலக்கியத் தாள்கள் வலப்பக்கம் என்று
மேலதிகாரி எழுதிக் கொடுத்திருக்கிறார்.
இரண்டு வாரமாகிறது.
இடப்பக்கம் இன்னும்
ஒரு பல் மருத்துவர் பில்லும்
ரப்பர் காலணி வாங்கிய ரசீதும்தான்.

ஒரே வீடு, ஒரே அடுப்பு,
பத்தொன்பது வருஷம் பேச்சில்லை.
காரணம் எட்டாம் பெட்டியில் இருக்கும் என்றார்கள்.
எட்டாம் பெட்டியில்
விதை உருளைக்கிழங்கு விலைப்பட்டியல்.
பக்கத்து வீட்டு லெய்டா சொன்னாள்:
அப்பா உட்கார்ந்த நாற்காலி யாருக்கு என்று சண்டை.
அவள் மகன் சொன்னான்:
நாற்காலியும் இல்லை ஒன்றும் இல்லை,
ஒரு சொல்லில் வரும் உயிரெழுத்து
குறிலா நெடிலா என்று சண்டை.
நான் இரண்டையும் நம்புகிறேன்.

அகராதிச் சீட்டுகள் நாற்பத்தோராயிரம்.
கூட்டுறவுக் கடைக் காகிதத்தை வெட்டியவை,
சிலவற்றின் முதுகில் வெண்ணெய்க் கறை.
மேலே சொல், அதன் கீழ் பொருள்,
அதற்கும் கீழே, பொருள் விளங்க
ஹிந்த்ரெக் தானே இட்டுக்கட்டிய ஒரு வாக்கியம்.

*அடுப்பு.* 'புகைப்போக்கி மூடியைத் திறக்காமல் விறகு வைக்கிறவன்
வீட்டையே இரும வைக்கிறான்.'

சிரித்துவிட்டு அடுத்ததை எடுத்திருப்பேன்.
அன்று மாலை ஆடோவின் கையெழுத்துப் பிரதியில்
ஒரு கப்பல் உடைந்துகொண்டிருந்தது.
அடிக்குறிப்பு நூற்றுப் பன்னிரண்டு:
'மூலத்தில் புகைக்குக் காரணமானவர் பெயர் இல்லை.
மூடி துருப்பிடித்திருந்தால் அது யார் குற்றமும் அன்று.'

தேதிகளைப் பார்த்தேன். ஒரே வாரம்.

*ரொட்டி.* 'கடைசித் துண்டை இரண்டாக வெட்டி
துணி போட்டு மூடியிருக்கிறது.'
அடிக்குறிப்பு நூற்று நாற்பது:
'வீரர்கள் உண்டனர். அவர்களில் ஒருவன்
நன்றி சொன்னதாகவும் ஒரு பாடபேதம் உண்டு.'

*தொப்பி.* 'காது மூடாத தொப்பியோடு
பிப்ரவரியில் நூலகம் போகிறவர்களும் உண்டு.'
'மூலத்தில் தொப்பி இல்லை' என்கிறது அடிக்குறிப்பு.
'ஆயினும் மொழிபெயர்ப்பாளர் போட்டுக்கொண்டார்.'

இப்படியே எழுத்து எழுத்தாக,
உப்பு, ஊசி, கடன், காய்ச்சல்.
எங்கள் அகரவரிசையில் பால் என்ற சொல்
கொஞ்சம் பின்னால் வரும்.
*பால்.* 'மூன்று முறை சுடவைத்தும்
அவன் குடிக்கவில்லை.'

இதற்கு அடிக்குறிப்பு இல்லை.
கப்பல்காரர்கள் கரைக்கு நூறடி தள்ளி
நீந்திக்கொண்டே நின்றுபோனார்கள்.

அதன் பிறகும் ஹிந்த்ரெக்
பதினோராயிரம் சீட்டு எழுதினார்.
*புத்தகம்.* 'புத்தகம் மேசைமேல் இருக்கிறது.'
*பாலம்.* 'பாலம் ஆற்றின்மேல் இருக்கிறது.'
*நாற்காலி.* 'நாற்காலிக்கு நான்கு கால்கள்.'
எந்த அகராதியிலும் இருக்கும் வாக்கியங்கள்.
பிழை பார்க்கவும் ஒன்றுமில்லை.
கையெழுத்துகூட அழகாகிவிட்டது.

மேலதிகாரி கதவருகே வந்து நிற்கிறார்.
'இடமா, வலமா?'
மேசையின் நடுவில்தான் எல்லாம் கிடக்கிறது.
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

பதினெட்டாவதாக ஒரு பொருளும் வந்திருந்தது:
'மரச்சாமான், ஒன்று' என்கிறது பதிவேடு.
இத்தனை நாளும் அதில் உட்கார்ந்துதான் படித்தேன்.
கை வைக்கும் இடம் இரண்டும்
ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றன.
பின்னங்கால் ஒன்று குட்டை.
எட்டாக மடித்த காகிதத்தை அதன் அடியில் வைத்து
சிற்றாணி அடித்திருக்கிறார் இருவரில் ஒருவர்.
மடிப்பின் ஓரத்தில் மை தெரிகிறது,
அரை எழுத்து, யாருடையது என்று சொல்ல முடியாத அளவு.

பிரிக்கவில்லை.
பிரித்தால் நாற்காலி ஆடும்.